நாட்டின் மறைநீரைத் துறைவாரியாகக் கணக்கிட முடியுமா?

ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர், ஒரு கிலோ அரிசிக்கு 2,500 லிட்டர் மறைநீர், அதாவது அதை ஆக்கும் வழியெங்கும் செலவான தண்ணீர், பிடிக்கும் என்று படித்திருக்கிறீர்கள். இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் கண்டுபிடித்துக் கூட்டினால் இந்தியாவில் எந்தத் துறை எவ்வளவு தண்ணீரை மறைமுகமாகச் செலவிடுகிறது என்பது தெரிந்துவிடாதா, அதை நம்பி ஒரு முதுகலை ஆய்வேடு எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, நாட்டின் மொத்தத் தண்ணீரையும் விடுபடாமல், இரண்டு முறை எண்ணாமல், துறைகளுக்குப் பங்கிடும் முறை உண்டா என்பது. மற்றொன்று, அந்த முறை தரும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது. முதல் கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெளிவான விடை இருக்கிறது. இரண்டாவதற்கான விடை நாட்டுக்கு நாடு மாறும். நான் பொருளியல் புள்ளிவிவரம் பயின்று, தேசியக் கணக்கு அட்டவணைகளோடு பல ஆண்டுகள் பணியாற்றியவன். நீரியல் வல்லுநன் அல்லன். ஆகவே அட்டவணைகளைப் பற்றி உறுதியாகவும், நிலத்தடியில் நடப்பதைப் பற்றிச் சற்றுத் தயக்கத்தோடும் எழுதுகிறேன்.

நீங்கள் நினைத்தபடி கூட்டினால் கணக்கு வராது. டி-ஷர்ட்டின் 2,700 லிட்டரில் பெரும்பகுதி பருத்திச் செடிக்குப் போன தண்ணீர். பஞ்சின் கணக்கிலும் நூலின் கணக்கிலும் துணியின் கணக்கிலும் இருப்பது அதே தண்ணீர்தான். நான்கையும் கூட்டினால் ஒரே வயலின் நீரை நான்கு முறை எண்ணியவர்கள் ஆவோம். பொருள் பொருளாகக் கணக்கிடும் முறை ஒரு பொருளின் வரலாற்றைச் சொல்வதற்கு ஏற்றது. நாட்டின் வரவுசெலவைச் சொல்வதற்கு ஏற்றதன்று. அதற்கு நாட்டின் எல்லாத் துறைகளையும் ஒரே சட்டகத்தில் வைக்க வேண்டும். அந்தச் சட்டகம்தான் உள்ளீட்டு-வெளியீட்டு அட்டவணை. எந்தத் துறை எந்தத் துறையிடமிருந்து ஓர் ஆண்டில் எத்தனை ரூபாய்க்குச் சரக்கு வாங்கியது என்பதை வரிசையும் நெடுவரிசையுமாகக் காட்டும் இந்த அட்டவணையை அமெரிக்கப் பொருளாதாரத்துக்காக 1936இல் முதலில் வெளியிட்டவர் வாசிலி லியோன்டீஃப். இம்முறைக்காக 1973இல் நோபல் பரிசு பெற்றார். 1970இல் அவரே அதே சட்டகத்துக்குள் மாசையும் கொண்டுவந்து, பணமல்லாத ஒன்றையும் இதன் வழியே துறை துறையாகத் தொடரலாம் என்று காட்டினார். மாசு இருந்த இடத்தில் தண்ணீரை வைத்தால் நீங்கள் கேட்கும் கணக்கு கிடைத்துவிடும்.

கணக்கின் உட்பகுதியைச் சிறிய எண்களில் காட்டுகிறேன். இவை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். உழவு, ஆலை என இரண்டே துறைகள் உள்ள ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். உழவு ஒரு ரூபாய்க்கு விளைவிக்க, தன் துறையிடமிருந்தே 10 பைசாவுக்கு விதை முதலியவற்றையும், ஆலையிடமிருந்து 10 பைசாவுக்கு உரம் முதலியவற்றையும் வாங்குகிறது. ஆலை ஒரு ரூபாய்க்கு உற்பத்தி செய்ய, உழவிடமிருந்து 30 பைசாவுக்கும் மற்ற ஆலைகளிடமிருந்து 20 பைசாவுக்கும் வாங்குகிறது. நேரடித் தண்ணீர், ரூபாய்க்கு உழவில் 100 லிட்டர், ஆலையில் 2 லிட்டர். இப்போது ஆலைப் பொருள் ஒரு ரூபாய்க்கு உண்மையில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? முதலில் அதன் சொந்த 2 லிட்டர். அடுத்து, அது வாங்கிய 30 பைசா விளைச்சலுக்கும் 20 பைசா ஆலைச் சரக்குக்குமாக 30.4 லிட்டர். அந்தச் சரக்குகளை ஆக்கத் தேவைப்பட்ட சரக்குகளுக்கு 9.1 லிட்டர், அவற்றுக்குப் பின்னால் இருப்பவற்றுக்கு 3 லிட்டர் என்று சங்கிலி பின்னோக்கிப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். முடிவில்லாத இந்தச் சங்கிலியை ஒரே படியில் கூட்டித் தருவதுதான் லியோன்டீஃபின் நேர்மாறு அணி (Leontief inverse matrix). விடை 46.1 லிட்டர். நேரடியாக 2 லிட்டர் மட்டுமே குடிக்கும் துறை, தன் முதுகுக்குப் பின்னால் 44 லிட்டரைச் சுமந்துகொண்டிருக்கிறது. உழவுக்கு இதே எண் 116.2 ஆகும்.

இந்த நாட்டு மக்கள் 50 ரூபாய்க்கு விளைபொருளையும் 50 ரூபாய்க்கு ஆலைப் பொருளையும் இறுதி நுகர்வாக வாங்குகிறார்கள் என்றால், நாட்டின் மொத்தத் தண்ணீர் 8,116 லிட்டர். அதை யார் மோட்டார் போட்டு எடுத்தார்கள் என்று கேட்டால் உழவு 98 விழுக்காடு, ஆலை 2 விழுக்காடு. யாருடைய விற்பனைக்காக எடுக்கப்பட்டது என்று கேட்டால் உழவு 72, ஆலை 28. இரண்டு பங்கீட்டிலும் மொத்தம் ஒரு சொட்டும் மாறாது. இதில்தான் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். 46.1 என்ற பெருக்கியை ஆலையின் மொத்த உற்பத்தியோடு பெருக்கக் கூடாது. கடைசி நுகர்வோருக்கும் ஏற்றுமதிக்கும் முதலீட்டுக்கும் போகும் இறுதித் தேவையோடு மட்டுமே பெருக்க வேண்டும். மொத்த உற்பத்தியோடு பெருக்கினால், டி-ஷர்ட் கணக்கில் வந்த அதே இரட்டை எண்ணிக்கை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

இதுவரை சொன்னதில் ஐயத்துக்கு இடமில்லை, அது இயற்கணிதம். ஐயம் தொடங்குவது, அந்த அணிக்குள் நாம் இடும் நேரடித் தண்ணீர் என்னும் ஒற்றை வரிசையில். இந்தியாவில் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாம் ஓராண்டில் எடுக்கும் நிலத்தடி நீர் சுமார் 24,100 கோடி கன மீட்டர், நமக்குப் பழகிய அளவில் ஏறத்தாழ 8,500 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதை நினைவில் வைத்தால் அளவு புரியும். அதில் 87 விழுக்காடு பாசனத்துக்கும், 11 விழுக்காடு வீட்டுப் பயன்பாட்டுக்கும், 2 விழுக்காடு தொழிலுக்கும் போவதாக வாரியம் சொல்கிறது. ஆனால் இந்த 87 விழுக்காட்டைக் கிணற்றடியில் மீட்டர் வைத்து யாரும் அளக்கவில்லை. கிணறுகளின் எண்ணிக்கையை ஒரு கிணறு சராசரியாக இறைக்கும் அளவால் பெருக்குவது, பயிர்ப் பரப்பைப் பயிரின் நீர்த் தேவையால் பெருக்குவது, பம்புகள் செலவிட்ட மின்சாரத்திலிருந்து பின்னோக்கிக் கணிப்பது என மூன்று வழிகளை 2015ஆம் ஆண்டின் மதிப்பீட்டு நெறிமுறை அனுமதிக்கிறது. உழவு மின்சாரத்துக்கே மீட்டர் இல்லாத மாநிலங்களில் மூன்றாவது வழியின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாவது வழியில் நுட்பமான பொறி ஒன்றும் இருக்கிறது. நெல்லுக்கு இத்தனை மில்லிமீட்டர் தேவை என்று நாமே ஏட்டிலிருந்து எடுத்து உள்ளே போட்டுவிட்டு, முடிவில் நெல் அதிகத் தண்ணீர் குடிக்கிறது என்று ‘கண்டுபிடிப்பது’ ஆய்வாகாது. போட்டதையே திரும்ப எடுக்கிறோம். வெளிவரும் பல கட்டுரைகளின் முக்கிய முடிவு இந்த வகையைச் சேர்ந்தது என்பது என் மதிப்பீடு.

நீர்க் கணக்கைத் தேசியக் கணக்கோடு இணைப்பதற்கான சட்டகத்தை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2007இல் ஏற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியா அதற்கு முன்பிருந்தே தன் புள்ளியியல் அலுவலகத்தின் வழியாகத் துறைவாரி நீர்க் கணக்கை வெளியிட்டு வந்ததால்தான், 2001இல் லென்சன், ஃபோரன் ஆகிய இரு ஆய்வாளர்களும் அந்நாட்டுக்கு இந்த முறையை முழுமையாகப் பயன்படுத்த முடிந்தது. பாசன நீருக்கு உரிமமும் விலையும் உள்ள அந்த நாட்டிலேயே, பார்வன்-டார்லிங் ஆற்றுப் பகுதியில் மீட்டரை ஏமாற்றித் தண்ணீர் எடுக்கப்பட்டதாக 2017இல் பெரிய சர்ச்சை எழுந்தது. நம் எண்களின் பிழை எல்லையை அதைவிடப் பல மடங்கு அகலமாக வைத்துக்கொள்வதே நேர்மை.

அடுத்து, எந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது. நீங்கள் படித்த டி-ஷர்ட், அரிசி எண்கள் நீர்த்தடக் (water footprint) கணக்கிலிருந்து வந்தவை. 2002இல் நெதர்லாந்தின் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா தொடங்கிய அந்த முறையில் மழையாக விழுந்து மண்ணில் தங்கிப் பயிர் குடிக்கும் பச்சை நீரும், ஆற்றிலும் கிணற்றிலும் எடுத்த நீல நீரும், கழிவை நீர்க்கச் செய்யத் தேவைப்படும் என்று கற்பனையாகக் கணிக்கப்படும் சாம்பல் நீரும் அடங்கும். 1996 முதல் 2005 வரையிலான காலத்துக்கு அவருடைய குழு கணித்த உலக மொத்தத்தில் பச்சை நீர் 74 விழுக்காடு, நீல நீர் வெறும் 11 விழுக்காடு, மீதி சாம்பல். நிலத்தடி நீர் வாரியத்தின் எண்ணோ முழுக்க முழுக்க நீல நீர். இவ்விரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால் அதன் பிறகு எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. சாம்பல் நீரைத் தனியாகச் சொல்லலாம். மற்ற இரண்டோடு கூட்டுவதை நான் ஏற்பதில்லை, ஏனென்றால் அது எங்கும் ஓடாத தண்ணீர்.

எடுத்த நீரும் தீர்ந்துபோன நீரும் வேறு வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். அனல் மின் நிலையங்களில் இது பெரிய வேறுபாடு. குளிர்கோபுரம் உள்ள பழைய நிலையங்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.5 லிட்டருக்கு மேல் செலவிடக் கூடாது என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு விதித்தது. குளிர்கோபுரம் இல்லாமல் ஒருமுறை சுற்றி வெளியேற்றும் நிலையம் யூனிட்டுக்கு நூறு லிட்டருக்கும் மேல் எடுக்கக்கூடும், ஆனால் ஏறக்குறைய முழுவதையும் சூடாக்கித் திருப்பி விட்டுவிடும். தூத்துக்குடியில் அது கடல்நீர் என்பதால் நம் கணக்கிலேயே வராது. மேட்டூர் அனல் மின் நிலையம் எடுப்பது காவிரி நீர் என்பதால் வரும். ‘மின்சாரம்’ என்ற ஒரே வரிசையில் இவை அனைத்தும் சராசரியாகிவிடுகின்றன. நெல் வயலிலிருந்து கீழிறங்கும் நீரும் அப்படித்தான்: ஒரு பகுதி மீண்டும் கிணற்றுக்கே வந்து சேர்கிறது. அதைக் கழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு அதே நீரை மறுபடி எண்ணுவோம்.

அட்டவணை ரூபாயில் இருப்பதுதான், என் அனுபவத்தில், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மிக அதிகமாகக் கெடுப்பதுமான குறை. ஒரு வரிசையில் உள்ள எல்லாச் சரக்குக்கும் ரூபாய்க்கு ஒரே அளவு தண்ணீர் என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. 2022-23இல் இந்தியா சுமார் 2.2 கோடி டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. எடையில் பார்த்தால் அதில் பாஸ்மதி ஐந்தில் ஒரு பங்குதான். மதிப்பில் பார்த்தால் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். டன்னுக்குப் பாஸ்மதியின் விலை மற்ற அரிசியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நெல்லுக்கு ஒரே வரிசை இருக்கும் அட்டவணையில், ஒரு கிலோ பாஸ்மதி ஒரு கிலோ சாதாரண அரிசியைப் போல மூன்று மடங்கு தண்ணீர் குடித்ததாகக் கணக்கு வரும். வயலில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஏற்றுமதியோடு எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது என்பதே உங்கள் ஆய்வின் மையமாக இருந்தால், இந்த ஒரு குறையே முடிவைப் புரட்டிப்போடப் போதும். ஆகவே பயிர்களுக்கு மட்டுமாவது டன் கணக்கிலான வரிசைகளை வைத்துக்கொண்டு, மற்றவற்றை ரூபாயில் விடும் கலப்பு அட்டவணையே நல்லது.

பணம் கைமாறாத இடத்தில் ரூபாய் அட்டவணை குருடாகிவிடுகிறது. இலவசமாகவோ சொற்ப விலையிலோ தரப்படும் உழவு மின்சாரத்தால், உழவுக்கும் மின் நிலையத்துக்கும் இடையிலான இணைப்பு உண்மையைவிட மெலிந்து தெரியும். 2019 கோடையில் சென்னை தவித்தபோது புறநகர்க் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் நகரத்துக்குப் போனது. அந்த நீர் எங்கேனும் பதிவாகியிருந்தால், கிணற்றுக் கணக்கின்படி பாசனமாகத்தான் பதிவாகியிருக்கும். குடித்தவர்களோ அடுக்குமாடிக் குடியிருப்பிலும் உணவகத்திலும் இருந்தார்கள்.

அட்டவணையின் வயதையும் பாருங்கள். நம் மத்தியப் புள்ளியியல் அமைப்பு 1968-69ஆம் ஆண்டுக்கான அட்டவணையில் தொடங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிட்டு வந்தது. 130 துறைகளோடு வந்த 2007-08ஆம் ஆண்டு அட்டவணையில் நெல், கோதுமை, கரும்பு, பருத்தி எல்லாம் தனித்தனியே இருப்பதால் இன்றும் பலர் அதையே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பது மிகச் சொற்பம். இன்று 20 விழுக்காடு இலக்கு வரை வந்துவிட்டோம். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் தேவை என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. கரும்பு வயலின் தண்ணீர் போக்குவரத்துத் துறைக்குள் நுழைந்துவிட்டதை 2007-08 அட்டவணை ஒருபோதும் காட்டாது. 2011-12 முதல் வெளிவரும் வழங்கல்-பயன்பாட்டு அட்டவணைகள் (எந்தத் தொழில் எந்தப் பொருளை ஆக்குகிறது, எது எதைப் பயன்படுத்துகிறது என்று காட்டுபவை) புதியவை. அவற்றில் பொருள்கள் 140, தொழில்கள் 66. சதுரமாக இல்லாததால் அப்படியே நேர்மாறு காண முடியாது. ஒரு பொருளை எந்தத் தொழில் செய்தாலும் ஒரே விதமாகச் செய்கிறது என்றோ, ஒரு தொழில் தன் பொருள்கள் அனைத்தையும் ஒரே விதமாகச் செய்கிறது என்றோ ஏதேனும் ஓர் எடுகோளை வைத்துத்தான் மாற்ற வேண்டும். எதை வைத்தீர்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

இறக்குமதி குறித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டு அட்டவணையை மட்டும் வைத்துச் செய்தால், வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கும் நம் ஊரில் செய்யப்பட்டதுபோலவே தண்ணீர் குடித்ததாகக் கொள்ள நேரும். நாம் வாங்கும் பாமாயிலின் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவின் மழையில் விளைந்தது. அதன்மேல் இந்தியக் கிணற்று நீரை ஏற்றுவது தவறு. எக்சியோபேஸ், ஈயோரா போன்ற, பல நாடுகளை ஒன்றாக இணைக்கும் அட்டவணைகள் இதைச் சரிசெய்கின்றன, ஆனால் அவற்றில் இந்தியாவின் உள்விவரம் நம் சொந்த அட்டவணையில் இருப்பதுபோல நம் தேவைக்கு ஏற்ப அமைந்ததன்று.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் மிஞ்சும் ஒரு வரம்பு உண்டு. அது முறையின் இயல்பிலேயே இருப்பது. நாட்டு அட்டவணைக்கு இடம் தெரியாது. ஆண்டுதோறும் ஊறுவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் நிலத்தடி நீரை இறைக்கும் பஞ்சாபின் நெல்லும், மழையில் விளையும் அசாமின் நெல்லும் அதற்கு ஒன்றே. பஞ்சாப் அரசு 2009இல் சட்டம் போட்டு ஜூன் 10க்கு முன் நாற்று நடக் கூடாது என்று தடுத்தது எதற்காக என்பது தேசியச் சராசரியைப் பார்த்தால் விளங்காது. திருப்பூரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பின்னலாடையின் மறைநீரில் பெரும்பங்கு குஜராத்தின் பாசனப் பருத்தியிலும் மகாராஷ்டிரத்தின் மானாவாரிப் பருத்தியிலும் இருக்கிறது; சாயப்பட்டறைகளின் பங்கு அதற்கு முன்னால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் நொய்யல் ஆறு பாழானதும், ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறியதும், கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டதும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பங்கினால்தான். கன மீட்டரில் வரிசைப்படுத்தும் எந்தப் பட்டியலிலும் நொய்யல் கரை விவசாயியின் வழக்கு இடம்பெறாது. தட்டுப்பாட்டுக்கு ஏற்ப எடை கொடுத்துத் திருத்தும் முறைகள் இருக்கின்றன, ஆனால் அவை அளவைப் பற்றியவை. நீரின் தரத்துக்கு அவற்றில் பெரும்பாலும் இடமில்லை.

ஆக, உங்கள் ஆய்வேட்டுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். துறைகளின் வரிசை முறையையும், நேரடிப் பங்குக்கும் மறைமுகப் பங்குக்கும் உள்ள விகிதத்தையும் நம்பிக்கையோடு எழுதலாம். உணவுப் பதனீடு, நெசவு, உணவகம் ஆகியவை நேரடிக் கணக்கில் அடியிலும் மறைமுகக் கணக்கில் மேலேயும் இருப்பது, தரவில் நியாயமான பிழை எதை வைத்தாலும் பெரும்பாலும் மாறாது. லிட்டர் எண்ணைத் தசமப் புள்ளியோடு எழுதாதீர்கள். பாசன நீரை 20 விழுக்காடு கூட்டியும் குறைத்தும் மறுபடி கணக்கிட்டு, கிடைக்கும் இரண்டு எல்லைகளையும் கொடுங்கள். எல்லாத் துறைகளையும் ஒரே தரத்தில் செய்ய முயல்வதைவிட, நெல், கோதுமை, கரும்பு, பருத்தி, மின்சாரம் என்ற ஐந்து வரிசைகளின் நீரை மாநிலவாரியாகத் திருத்துவதில் உழைப்பைச் செலவிடுங்கள். மற்றவற்றின் பிழை மொத்தத்தை அதிகம் அசைக்காது. முடிவுகளை உங்கள் வழிகாட்டியிடம் கொண்டுபோகும் முன், இறுதித் தேவைவழிக் கூட்டுத்தொகை நீங்கள் முதலில் உள்ளே இட்ட மொத்த நீரோடு அப்படியே பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் முதலில் இறக்குமதி நெடுவரிசையைத் தேடுங்கள், அதன் குறி எதிர்மறையில் இருக்க வேண்டும். அடுத்து இருப்பு மாற்றத்தை (ஆண்டில் விற்காமல் கையிருப்பில் கூடியதையோ குறைந்ததையோ) விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.